எஸ்எம்ஜி கியர்பாக்ஸில் உதறலின்றிக் கியர் மாற்றுவது எப்படி: இ60 எம்5 ஓட்டுபவர்களுக்கான வழிகாட்டி

பிஎம்டபிள்யூ நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த இ60 எம்5 காரை முதன்முறையாக ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். லீவரை டி நிலையில் வைத்துவிட்டு, சாதாரண ஆட்டோமேட்டிக் காரை ஓட்டுவதுபோல ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் அழுத்திக்கொண்டு நகரச் சாலையில் போகிறார்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்குகிறது, தலை முன்னால் சாய்கிறது, அடுத்த கணமே முதுகில் ஒரு தள்ளு விழுகிறது. மூன்றாவது கியரிலும் இதே கதைதான். பத்து நிமிடம் கழித்து இறங்கும்போது, இந்தக் கியர்பாக்ஸ் பழுதாகியிருக்கிறது அல்லது பிறவியிலேயே மோசமானது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இரண்டுமே பெரும்பாலும் தவறான முடிவுகள். இந்த வண்டியில் இருக்கும் எஸ்எம்ஜி என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்ல. கிளட்ச் மிதியையும் கியர் தண்டையும் இயக்கும் வேலையை மட்டும் ஹைட்ராலிக் அழுத்தத்திடமும் கம்ப்யூட்டரிடமும் ஒப்படைத்த மேனுவல் கியர்பாக்ஸ் அது. இடது கால் செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டதே தவிர, வலது கால் செய்ய வேண்டிய வேலை அப்படியே நம்மிடம் இருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு இந்த வண்டி இரண்டு வாரத்தில் வசப்பட்டுவிடும். வாங்கிக்கொள்ளாதவர்கள் எத்தனை முறை பணிமனைக்குப் போனாலும் உதறலோடுதான் திரும்பி வருவார்கள்.

இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகு சிறிய கார்களில் பரவிய ஏஎம்டி என்னும் தானியங்கி மேனுவல் கியர்பாக்ஸின் அடிப்படையும் இதுவேதான். அந்தக் கார்களை ஓட்டிப் பழகியவர்களுக்குத் தலை ஆட்டம் புதிதல்ல. ஆனால் 5 லிட்டர், 10 சிலிண்டர், 507 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), 8,250 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) வரை சுழலும் எஞ்சின், ஏறக்குறைய 1,800 கிலோ எடை ஆகியவற்றுக்கு நடுவில் அதே அடிப்படையைப் பொருத்தும்போது ஒவ்வொரு சிறு பிசகும் பல மடங்காகப் பெருகித் தெரிகிறது. அதனால் இந்த வண்டியில் கற்றுக்கொள்ள வேண்டியவையும் அதிகம்.

கியர் மாறும் அந்த ஒரு கணத்தில்

ஸ்டீயரிங்கின் பின்னால், மேல் கியருக்கு மாற்ற இருக்கும் வலப்பக்கப் பேடிலை (சிறு நெம்பை) இழுத்தவுடன் நடப்பவற்றை வரிசையாகப் பார்ப்போம். கம்ப்யூட்டர் முதலில் எஞ்சினின் டார்க்கைக் குறைக்கச் சொல்கிறது. ஹைட்ராலிக் அழுத்தம் கிளட்சைப் பிரிக்கிறது. பழைய கியர் விடுபடுகிறது, புதிய கியரின் சின்க்ரோ வளையம் இரண்டு சுழற்சி வேகங்களையும் ஒன்றாக்குகிறது, கியர் விழுகிறது. கிளட்ச் மறுபடி சேர்கிறது, டார்க் திரும்பி வருகிறது. இந்த இடைவெளி முழுவதும் பின்சக்கரங்களுக்கு எந்த இழுவையும் கிடைப்பதில்லை. முடுக்கத்தில் இருந்த வண்டி இழுவையை இழந்தால் உள்ளே இருப்பவரின் உடல் முன்னால் போகும், இழுவை திரும்பினால் பின்னால் வரும். தலை ஆட்டத்துக்கு இதைத் தவிர வேறு மர்மம் எதுவும் இல்லை.

டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் இந்த அதிர்ச்சியை விழுங்கிவிடுகிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் இழுவை அறுபடுவதே இல்லை. எஸ்எம்ஜியில் இருப்பது ஒரே கிளட்ச் தொகுதி, அதுவும் இரண்டு தகடுகள் கொண்ட உலர் கிளட்ச். இழுவை அறுபட்டே தீரும். அது எவ்வளவு நேரம் அறுபடுகிறது, அறுபடும் முன்பும் பின்பும் டார்க் எவ்வளவு இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் கியர் மாற்றத்தின் தரம். முதல் கேள்விக்கு விடை கம்ப்யூட்டரிடம் இருக்கிறது, இரண்டாவதற்கான விடை உங்கள் வலது பாதத்தில் இருக்கிறது.

கீழ்க் கியர்களில்தான் உதறல் அதிகம் என்று எல்லோரும் உணர்கிறார்கள். அதற்குக் காரணம் கியர் விகிதங்களில் இருக்கிறது. இந்தக் கியர்பாக்ஸின் 7 விகிதங்கள் முறையே 3.99, 2.65, 1.81, 1.39, 1.16, 1.00, 0.83. முதல் கியரில் 4,000 ஆர்பிஎம்மில் இரண்டாவதற்கு மாறினால் எஞ்சின் ஏறக்குறைய 2,660-க்கு இறங்க வேண்டும், அதாவது 1,300-க்கும் மேற்பட்ட வீழ்ச்சி. அதே 4,000-இல் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் வீழ்ச்சி 550 அளவில்தான் இருக்கும். இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் கிளட்ச் அதிக வேக வித்தியாசத்தைத் தன் தகடுகளில் தேய்த்துச் சமன்செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் கவனத்தின் பெரும்பகுதியை முதல் மூன்று கியர்களுக்குக் கொடுங்கள். நான்குக்கு மேல் இந்தக் கியர்பாக்ஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

விளம்பரங்களில் சொல்லப்பட்ட 65 மில்லி விநாடி என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்எம்ஜியின் மூன்றாம் தலைமுறையான இந்தப் பெட்டி, இ46 எம்3-இல் இருந்த இரண்டாம் தலைமுறையின் 80 மில்லி விநாடியைவிட வேகமானது என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகம் மிகக் கடுமையான நிலையில், எஞ்சின் உச்சச் சுழற்சியில், மிதி அடிவரை அழுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே கிடைக்கிறது. பள்ளிக்கூட வாசலில் 2,000 ஆர்பிஎம்மில் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

புறப்படும் முன்

எண்ணெய் சூடாகாத வண்டியில் கியர் மாற்றத்தின் தரத்தை மதிப்பிடக் கூடாது. இ60 எம்5-இன் ஆர்பிஎம் மீட்டரில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எச்சரிக்கை விளக்குகளின் வளைவு கீழிருந்தே எரியும். எண்ணெய் சூடாக ஆக அந்த வளைவு மேல்நோக்கி விலகிக்கொண்டே போகும். அது முழுவதும் விலகிய பிறகும் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாக இன்னும் சிறிது தூரம் ஓட வேண்டும், ஏனெனில் அதற்குத் தானாகச் சூடாக எஞ்சினைப்போல எரிபொருள் வெப்பம் இல்லை. குளிர்ந்த, கெட்டியான எண்ணெயில் சின்க்ரோ வளையங்கள் மெதுவாகவே வேலை செய்யும். காலையில் முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு இரண்டாவது கியர் சற்றுத் தயங்கி விழுந்தால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் மென்மையான நிலையிலேயே ஓட்டுங்கள்.

அடுத்து அமைப்புகள். இந்த வண்டியில் கியர் மாற்றத்தின் கடுமையைத் தீர்மானிக்கும் டிரைவ்லாஜிக்கில் மொத்தம் 11 நிலைகள் உண்டு: நாமே கியர் மாற்றும் எஸ் முறையில் 6, கம்ப்யூட்டர் மாற்றும் டி முறையில் 5. எண் கூடக் கூடக் கிளட்ச் சேரும் வேகம் கூடும். இவற்றில் எஸ்6 என்ற நிலை டிஎஸ்சி என்னும் சறுக்கல் தடுப்பை அணைத்தால் மட்டுமே கிடைக்கும். இதற்குத் தனியாக எஞ்சினுக்கும் பி400, பி500, பி500 ஸ்போர்ட் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. வண்டியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது பி400-இல்தான் விழித்தெழும்.

பலரும் செய்யும் இரண்டாவது தவறு இங்கேதான் நடக்கிறது. வண்டியில் ஏறியவுடன் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். பி500 ஸ்போர்ட் நிலையில் ஆக்ஸிலரேட்டர் மிதியின் சிறு அசைவுக்கும் எஞ்சின் பெரிய மறுமொழி தரும். சாலைப் பள்ளத்தில் பாதம் ஓர் இம்மி ஆடினாலும் டார்க் எகிறும். அந்த எகிறலுக்கு நடுவில் கிளட்ச் சேர்ந்தால் உதறாமல் என்ன செய்யும்? நகருக்குள் பி400, எஸ்3 என்ற சேர்க்கையைப் பரிந்துரைக்கிறேன். திறந்த சாலையில் பி500, எஸ்4. எஞ்சினை 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் எஸ்5. இந்தக் கடைசிச் சேர்க்கையை ஐடிரைவ் திரையில் அமைத்து, ஸ்டீயரிங்கில் இருக்கும் எம் பொத்தானில் சேமித்துவிட்டால், தேவைப்படும்போது ஒரே அழுத்தில் வந்துவிடும். எஸ்1, எஸ்2 ஆகியவை மென்மையானவை என்று நினைத்து அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அவை இழுவை அறுபடும் நேரத்தை நீட்டிவிடுவதால் தலை ஆட்டத்தைக் கூட்டவே செய்கின்றன, கிளட்சையும் அதிகம் தேய்க்கின்றன.

டி முறையைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன்: அது இந்தக் கியர்பாக்ஸின் மிகப் பலவீனமான பகுதி. கியர் எப்போது மாறப்போகிறது என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும், உங்கள் பாதத்துக்குத் தெரியாது. பாதத்துக்கு முன்னறிவிப்பு இல்லாதவரை சீரான கியர் மாற்றம் சாத்தியமில்லை. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே போய்வர டி போதும். மற்ற இடங்களில் லீவரை வலப்பக்கம் ஒரு முறை தட்டி எஸ் முறைக்கு வந்துவிடுங்கள்.

மேல் கியருக்கு

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, வாகனங்கள் குறைவாக உள்ள ஒரு சமமான சாலையில் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறுவதை மட்டும் இருபது முறை பழகிப் பாருங்கள். வண்டி இரண்டாவது கியரில், மிதமான முடுக்கத்தில், 3,500 ஆர்பிஎம்மை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது கை நடுவிரல் பேடிலின் பின்புறத்தில் தயாராக இருக்கட்டும். பேடிலை இழுக்கும் அதே நொடியில் வலது பாதத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். முழுவதும் எடுத்துவிடாமல், அழுத்தியிருந்த அளவில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைந்தால் போதும். கருவிப் பலகையில் 2 என்ற எண் 3 ஆக மாறும். எஞ்சினின் குரல் ஒரு படி இறங்கும். அந்த இறங்கிய குரல் நிலைத்தவுடன், மிதியை ஒரு விநாடி அளவுக்குப் பரப்பி மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கியர் மாறியதைக் காதால் மட்டுமே உணர வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்தைத் தளர்த்தும்போது கிளட்ச் பிரியும் முன்பே வண்டியின் முடுக்கம் குறைந்துவிடுகிறது. ஆகவே இழுவை அறுபடும்போது இழப்பதற்கு அதிகம் இருப்பதில்லை. கிளட்ச் மறுபடி சேரும்போது எஞ்சின் சிறிதளவு டார்க்கை மட்டுமே வைத்திருப்பதால் தள்ளும் இருப்பதில்லை. மேனுவல் கார் ஓட்டிய ஒவ்வொருவரும் அறியாமலேயே இதைத்தான் செய்து வந்திருக்கிறோம். கிளட்சை மிதிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அப்படியே அழுத்தி வைத்திருந்தவர் யார்?

பாதத்தை முழுவதும் எடுத்துவிடுவது எதிர்த் திசையில் செய்யும் தவறு. அப்படி எடுத்தால் கிளட்ச் பிரியும் முன்பே எஞ்சின் பிரேக் பிடித்து வண்டியைப் பின்னிழுக்கும், 10 சிலிண்டர்களும் சேர்ந்து பிடிக்கும் பிடி அது. தலை முன்னால் போவதைத் தடுக்க நினைத்துச் செய்த செயலே தலையை முன்னால் தள்ளும். பழகும் முதல் நாட்களில் பாதி உதறல்கள் இந்த மிகையான தளர்த்தலால்தான் வருகின்றன என்பதால், குறைவாகத் தளர்த்துவதில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

எந்தச் சுழற்சியில் மாற்றுவது என்பதும் முக்கியம். இந்த எஞ்சினின் உச்ச டார்க் 6,100 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது, தாழ்ந்த சுழற்சியில் அது அவ்வளவு வலுவானதல்ல. 2,000-இல் இரண்டாவதற்கு மாற்றினால் எஞ்சின் 1,300 அளவுக்கு விழுந்து, நடுங்கி, பிறகு எழ வேண்டும். நகரில் 3,000-க்கும் 4,000-க்கும் நடுவில் மாற்றிப் பாருங்கள். எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், ஆனால் கிளட்ச் சேரும் இடத்தில் எஞ்சினுக்கு மூச்சு இருக்கும்.

முழு வேகத்தில் விதி மாறுகிறது. எஸ்5-இல், 7,000-க்கு மேல், மிதி அடிவரை அழுந்தியிருக்கும்போது பாதத்தைத் தளர்த்த வேண்டாம். அந்த நிலையில் டார்க்கை வெட்டுவதும் திருப்பித் தருவதும் முழுக்கக் கம்ப்யூட்டரின் கணக்கு. நடுவில் நீங்கள் தளர்த்தினால் அந்தக் கணக்கு குழம்பி, மாற்றம் தாமதமாகி, மோசமான ஓர் இடி கிடைக்கும். எஸ் முறையில் வண்டி தானாக மேல் கியருக்குப் போகாது, எஞ்சின் தன் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் ஆர்பிஎம் மீட்டரின் விளக்குகளைக் கவனித்து எல்லைக்குச் சற்று முன்பே பேடிலை இழுத்துவிடுங்கள். இந்த நிலையில் முதுகில் விழும் தள்ளு இந்தப் பெட்டியின் இயல்பு. பந்தயக் காரின் வாசனை கொஞ்சம் வேண்டும் என்று அதை வடிவமைத்தவர்கள் விரும்பியே வைத்தது அது, அதைக் குறையாக எண்ணித் திருத்த முயல வேண்டாம்.

கீழ் கியருக்கு

கீழ் கியருக்கு மாறுவதில் எஸ்எம்ஜி சிறப்பாகவே வேலை செய்கிறது. இடப்பக்கப் பேடிலை இழுத்தால் கம்ப்யூட்டர் தானே எஞ்சினை ஒரு முறை உறுமவைத்து, சுழற்சியை உயர்த்தி, பிறகு கிளட்சைச் சேர்க்கிறது. நாம் செய்ய வேண்டியது இரண்டே காரியங்கள். பிரேக்கில் ஒரே சீரான அழுத்தத்தைக் கொடுங்கள், அப்போது கிளட்ச் சேரும்போது வரும் சிறு இழுப்பு பிரேக்கின் இழுப்பில் கரைந்துவிடும். ஒவ்வொரு கியருக்கும் நடுவே ஒரு மூச்சு விடுங்கள், ஐந்திலிருந்து இரண்டுக்குப் பேடிலைத் தொடர்ந்து தட்டுவதால் நேரம் மிச்சமாவதில்லை.

ஓடும் வண்டியில் இரண்டிலிருந்து முதல் கியருக்கு நீங்களாக இறக்காதீர்கள். 3.99-க்கும் 2.65-க்கும் நடுவே உள்ள பள்ளம் பெரியது, அந்த மாற்றம் எப்போதும் இடிக்கும். வண்டி நிற்கப் போகும்போது எஸ் முறையிலும் கம்ப்யூட்டர் தானாகவே கியரை இறக்கிக்கொள்ளும், அந்த வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.

மெல்ல நகரும் இடங்கள்

கிளட்ச் ஆயுளையும் நாளடைவில் கியர் மாற்றத்தின் தரத்தையும் தீர்மானிப்பது வேகமான ஓட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பவை போக்குவரத்து நெரிசலும், வாகன நிறுத்துமிடத்தின் சரிவும், வீட்டு வாசலில் பின்னால் எடுப்பதும்தான். டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியைப் போல இது பிரேக்கை விட்டவுடன் தானாக ஊர்ந்து போகாது. மிதியைத் தொட்டால் கிளட்ச் அரைகுறையாகச் சேரும். பாதம் அந்தத் தொடுதலிலேயே நின்றால் கிளட்ச் அரைகுறையிலேயே நின்று தேயும். நெரிசலில் முன்வண்டியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்பவர் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிளட்ச் தகட்டில் ஒரு விலையைக் கொடுக்கிறார். வெப்பமேறிய தகடு வேறு விதமாகப் பிடிக்கும், அதனால் நெரிசலிலிருந்து வெளியே வந்த பிறகு சிறிது நேரம் எல்லாக் கியர் மாற்றங்களும் முரட்டுத்தனமாகவே இருக்கும்.

முன்னால் ஒரு கார் நீளத்துக்கோ இரண்டு கார் நீளத்துக்கோ இடம் விடுங்கள். இடம் கிடைத்ததும் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சிறிதாக, ஆனால் தயக்கமின்றி அழுத்துங்கள். வண்டி நகர்ந்து, எஞ்சினின் குரலும் வண்டியின் வேகமும் ஒன்றோடொன்று கட்டுண்டதுபோல ஏறத் தொடங்கும் கணத்தில் கிளட்ச் முழுவதும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதை முதுகெலும்பிலேயே உணர முடியும்: அதுவரை இருந்த மெல்லிய அதிர்வு நின்றுவிடும். அதன் பிறகு பாதத்தைத் தளர்த்தி உருண்டு போகலாம். சிவப்பு விளக்கில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். கியரில் நிற்கும் நேரம் முழுவதும் ஹைட்ராலிக் அழுத்தம் கிளட்சைப் பிரித்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது, கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கின் மேல் அந்தப் பாரம் விழுகிறது.

மேட்டில் வண்டியை ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிறுத்துவதைப்போல இந்தக் கிளட்சுக்குக் கேடு வேறில்லை. இந்த வண்டியில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, கிளட்ச் கடிப்பதை உணர்ந்த பிறகு விடுவியுங்கள், மேனுவல் காரில் மலைப்பாதையில் செய்வது போலவே. மேட்டில் பின்னால் எடுப்பதைத் தவிர்க்க முடியுமானால் வண்டியை முன்பக்கமாகவே உள்ளே விட்டுவிடுங்கள். இந்தக் கியர்பாக்ஸில் பி என்னும் பார்க்கிங் நிலை கிடையாது, நிறுத்தும்போது கியரில் விட்டு எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக் போட வேண்டும் என்பதையும் வண்டியை வேறொருவரிடம் கொடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

டிஎஸ்சியை அணைத்து, எஸ்6-இல், லீவரை முன்னால் தள்ளிப் பிடித்துச் செய்யும் லாஞ்ச் கன்ட்ரோலை, அதாவது நின்ற இடத்திலிருந்து முழு வலுவோடு பாயும் முறையைப் பற்றி நான் வழிமுறை எழுதப் போவதில்லை. ஒரு முறை செய்து பார்த்து மகிழ்ந்துவிட்டு மறந்துவிடுவது நல்லது.

பழுதா, பழக்கமா

மேலே சொன்னவற்றை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் உதறல் குறையவில்லை என்றால் அப்போது வண்டியைச் சந்தேகிக்கலாம். எதைச் சந்தேகிப்பது என்பதைத் தெரிந்துகொண்டு பணிமனைக்குப் போனால் செலவு பாதியாகக் குறையும்.

முதலில் கிளட்ச் கடிக்கும் புள்ளி. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கற்று நினைவில் வைத்திருக்கிறது. தகடு தேயத் தேய அந்த இடம் நகர்கிறது, நினைவும் நகர வேண்டும். அது பின்தங்கினாலோ, கிளட்ச் அல்லது ஹைட்ராலிக் பாகம் மாற்றப்பட்ட பிறகு புதிதாகக் கற்பிக்கப்படாமல் விடப்பட்டாலோ, எந்த ஓட்டுநராலும் அதைச் சரிசெய்ய முடியாது. எனக்கே இது நேர்ந்தது. புதிய கிளட்ச் போட்டுத் திரும்பிய வண்டி பழைய கிளட்ச் இருந்தபோது ஓடியதைவிட மோசமாக உதறியது. மூன்று வாரம் என் பாதத்தையே குற்றம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பிறகு வேறொரு பணிமனையில் கண்டறியும் கருவியை இணைத்துப் பார்த்தபோது, பாகங்களை மாற்றியவர் கற்பிக்கும் செயல்முறையை ஓட்டவே இல்லை என்று தெரிந்தது. அரை மணி நேர வேலை. வெளியே வந்து முதல் சந்திப்பைத் தாண்டுவதற்குள் அது வேறு வண்டியாக இருந்தது. ஆகவே எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் கேளுங்கள்: கடிக்கும் புள்ளியும் கியர் நிலைகளும் கருவியின் மூலம் மறுபடி கற்பிக்கப்பட்டனவா?

இரண்டாவது, கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் ரப்பர்கள். கியர் மாற்றாமல், மூன்றாவது கியரில் மெதுவாக ஓடியபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு, மறுபடி அழுத்திப் பாருங்கள். அப்போதும் கீழிருந்து ஒரு 'டொக்' கேட்டால் குற்றவாளி கியர்பாக்ஸ் அல்ல. புரொப்பெல்லர் தண்டின் ரப்பர் இணைப்பு, டிஃபரென்ஷியல் புஷ்கள், எஞ்சின் மற்றும் கியர்பாக்ஸ் மவுன்ட்கள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. இருபது ஆண்டு நெருங்கும் வண்டியில் இவை தளராமல் இருந்தால்தான் வியப்பு.

எஞ்சினையும் பார்க்க வேண்டும். 10 சிலிண்டர்களின் த்ராட்டில்களை இயக்கும் மின் இயக்கிகள் இந்த எஞ்சினில் பழுதாவது வழக்கம். அவை தயங்கினால் கம்ப்யூட்டர் கேட்ட டார்க் கேட்ட நேரத்தில் வராது, பழி கியர்பாக்ஸின் மேல் விழும்.

ஹைட்ராலிக் தொகுதியை உங்கள் காதாலேயே சோதிக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தவுடன் பம்ப் சில விநாடி ஓடி அழுத்தத்தை ஏற்றிக்கொள்வதைக் கேட்கலாம், அது இயல்பு. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் மாற்றாமல் நிற்கும்போதே பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நின்றால், அழுத்தத்தைச் சேமிக்கும் கலன் தளர்ந்துவிட்டது அல்லது எங்கோ அழுத்தம் கசிகிறது. அந்த நிலையில் பம்ப் மோட்டார் தன் ஆயுளை வேகமாகச் செலவழிக்கிறது. சேமிப்புக் கலன் விலை குறைந்த பாகம், பம்ப் அப்படியல்ல, எனவே தள்ளிப்போட வேண்டாம். இந்தத் தொகுதியின் ஹைட்ராலிக் எண்ணெய் தனி, கியர்பாக்ஸ் எண்ணெய் தனி. கலனில் அழுத்தம் ஏறியிருக்கும்போது மட்டம் தாழ்வாகத் தெரியும் என்பதால் அழுத்தத்தை இறக்கிய பிறகே மட்டம் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும், பிரேக் திரவத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. பம்பும் வால்வுகளும் மின்சாரத்தில் இயங்குபவை ஆகையால் பலவீனமான பேட்டரியும் முரட்டு மாற்றங்களைத் தரும். பேட்டரியைச் சோதிக்காமல் பெரிய செலவுக்குள் இறங்காதீர்கள்.

நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் திடீரென்று மிதியை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தகடு முடிந்துவிட்டது. கியர் விழும்போது அரைக்கும் ஒலி வந்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம், கிளட்ச் முழுவதும் பிரியாமலும் இருக்கலாம். பின்னது மலிவு என்பதால் அதை முதலில் பாருங்கள். கியர் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி தானாக நியூட்ரலுக்கு விழுந்தால் அதன் பிறகு ஓட்ட வேண்டாம், இழுவை வண்டியை அழையுங்கள்.

சிலர் இத்தனையையும் கேட்டுவிட்டு, மேனுவல் பெட்டியை மாற்றிப் போட்டுவிடலாமே என்கிறார்கள். அமெரிக்கச் சந்தையில் 2007 மாடலிலிருந்து 6 கியர் மேனுவல் கிடைத்ததால் பாகங்கள் உண்டு, செய்தவர்களும் உண்டு. அடுத்த தலைமுறை எம்5 வந்தபோது நிறுவனமே இரட்டைக் கிளட்சுக்குப் போய்விட்டது. மசராட்டியும் குவாட்ரோபோர்ட்டேயில் இதே வகைப் பெட்டியை 2003-இல் வைத்து, 2007-இல் வழக்கமான ஆட்டோமேட்டிக்கைச் சேர்த்தது. ஆனாலும் நன்றாக இருக்கும் ஓர் எஸ்எம்ஜியை அகற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. 8,000 ஆர்பிஎம்மைத் தொடும் அந்த எஞ்சினுக்கு அருகில் இருக்க வேண்டிய 7 கியர்களும் அப்படி அகற்றும்போது போய்விடுகின்றன.

எந்த வேலை செய்து முடித்த பிறகும் அதன் பலனை ஒரே முறையில் அளந்து பாருங்கள். எண்ணெய் முழுவதும் சூடான பிறகு, ஒரே சமமான சாலையில், பி400, எஸ்3 நிலையில், 3,500 ஆர்பிஎம்மில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் பத்து முறை மாற்றுங்கள். பக்கத்து இருக்கையில் மூடி இல்லாத கிண்ணத்தில் முக்கால் அளவு தண்ணீரோடு ஒருவரை உட்கார வைத்தால் போதும். முதல் மூன்று முறை தளும்பி, பிறகு நீர் கிண்ணத்தின் விளிம்பைத் தொடாமல் நின்றால் அது பழக்கக் குறைதான். பத்து முறையும் ஒரே மாதிரி தளும்பினால் வண்டியில்தான் வேலை பாக்கி இருக்கிறது.